தாபம், நெருக்கீடு, அழுத்தம்: வேப்பம்பட்டு வட்டாரத்தை முன்வைத்து மனத்துயர் தணிப்பு முறைகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியான வேப்பம்பட்டு வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, மனத்துயரைத் தணிப்பதற்குத் தமிழ்ச் சமூகம் கையாண்ட முறைகளை வரலாற்று நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது. இலக்கண, இலக்கியப் பதிவுகள், திருநின்றவூர், திருவள்ளூர்த் தல மரபுகள், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, விடுதலைக்குப் பிந்தைய யோக, மனநல இயக்கங்கள், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆகியவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. மனத்தைப் பழக்குதல், நோயெனக் கொண்டு மருத்துவம் செய்தல், துயர் தரும் சூழலை மாற்றுதல் என இம்முறைகளை மூவகைப்படுத்தலாம். 'மன அழுத்தம்' என்னும் இக்காலச் சொல் இம்மூன்றுக்கும் இடையிலான எல்லைகளை மறைக்கிறது என்பதும், அம்மறைப்பு மருத்துவத்திலும் சட்டத்திலும் விளைவுகளை உண்டாக்கவல்லது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மன அழுத்தம், மெய்ப்பாடு, வெறியாட்டு, பூசலார், கீழ்ப்பாக்கம், நெருக்கீடு, கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த வேப்பம்பட்டு, சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையே அமைந்துள்ளது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடிய பாதையும் இதுவே. விடுதலைக்குப் பின்னர் இப்பாதையை ஒட்டிய நிலம் தொழில்மயமானது. 1955இல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலையும், 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் நிறுவப்பட்டன. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. தொழிலாளர் குடியிருப்புகள் மேற்கு நோக்கி விரிந்ததால், வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூராக இருந்த வேப்பம்பட்டு வீட்டுமனைகளின் ஊராக மாறியது. இன்று இவ்வூரில் வாழ்வோர் பலருடைய நாள், ரயில் நேரத்தைக் கொண்டே பகுக்கப்படுகிறது.

வேலை நெருக்கடி, நெடும்பயணம், வீட்டுக்கடன், பிள்ளைகளின் தேர்வு ஆகியவற்றால் எழும் துயரை 'மன அழுத்தம்' என்று கூறுவது இன்று பொதுவழக்கு. இச்சொல் புதியது. ஆனால் அது சுட்டும் துயர் பழையது. அதைத் தணிக்க முயன்ற முறைகளும் பழையன. இவ்வட்டாரத்தின் ஒரு முனையில் உள்ளத்தின் தாபத்தை நீக்குவது எனப் பெயர் பெற்ற திருக்குளமும், மறுமுனையில் இந்தியாவின் பழமையான மனநல மருத்துவமனைகளுள் ஒன்றும் இருப்பது, இவ்வரலாற்றை ஒரே நிலப்பரப்பில் வைத்துக் காண வாய்ப்பளிக்கிறது.

2. இலக்கண, இலக்கியங்களில் துயரும் அதன் காரணமும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலின் வழியே வெளிப்படுவதை இலக்கணமாக்கியது. நகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளுக்கும் நந்நான்கு நிலைக்களன்கள் அங்குக் கூறப்படுகின்றன. அழுகைக்கு உரியனவாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியன சுட்டப்படுகின்றன. பிறரால் இகழப்படுதல், உறவையோ பொருளையோ இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தாழ்தல், இல்லாமை என்று இவற்றை விளக்கலாம். நான்கும் மனிதன் பிறரோடும் உலகோடும் கொள்ளும் உறவில் ஏற்படும் முறிவுகளே. துயரைப் பேசும்போது அது தோன்றும் இடத்தையும் உடன் பேசும் மரபு தமிழுக்குத் தொடக்கம் முதலே உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

துயரின் காரணத்தைத் தவறாக அறிவதன் விளைவை அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறை காட்டுகிறது. தலைவியின் உடல் மெலிகிறது, வளை நெகிழ்கிறது, பசலை படர்கிறது. காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். வேலன் வரவழைக்கப்படுகிறான், கழங்கு பார்த்து, நோய் முருகனால் வந்தது என்கிறான், மறியறுத்து வெறியாடுகிறான். தோழி அறத்தொடு நின்று உண்மையை வெளிப்படுத்தும்போது, நோயின் காரணம் காதலும் பிரிவும் என்பது புலனாகிறது. தீர்வு சடங்கில் இல்லை; வரைவில், அதாவது தலைவியின் வாழ்க்கைச் சூழல் மாறுவதில் உள்ளது. வேலனின் சிகிச்சை தவறாவதற்குக் காரணம் அவனுடைய நம்பிக்கை மட்டும் அன்று; உரியவளை யாரும் கேட்கவில்லை என்பதும் ஆகும். இலக்கிய மரபான இத்துறையை அக்கால மருத்துவப் பதிவாக அப்படியே கொள்ள இயலாது. எனினும் அறிகுறியையும் காரணத்தையும் வேறுபடுத்திக் காணும் சிந்தனை அதில் தெளிவாக உள்ளது.

திருக்குறளின் வைப்புமுறையும் கருதத்தக்கது. வெகுளாமை அறத்துப்பாலின் துறவறவியலில் வருகிறது. துன்பத்திற்குக் கலங்காமையைக் கூறும் இடுக்கணழியாமை பொருட்பாலில், ஆள்வினையுடைமைக்கு அடுத்த அதிகாரமாக அமைகிறது. முயற்சியைக் கூறிய பின்னரே முயற்சியில் நேரும் இடையூறுகளைத் தாங்கும் மனவலிமை கூறப்படுகிறது. எனவே இங்குத் தாங்குதல் என்பது செயலைக் கைவிட்டு ஒதுங்குதல் அன்று, செயலின் தொடர்ச்சி.

சித்த மருத்துவம் மனப்பிறழ்வுகளைக் 'கிரிகை' என்னும் பெயரில் 18 வகையாகப் பகுக்கிறது. வளி, அழல், ஐயம் ஆகியவற்றின் மாறுபாட்டோடு மனநிலையை இணைத்துக் காணும் இம்மரபு, நசியம், எண்ணெய் முழுக்கு, உணவு ஒழுங்கு ஆகியவற்றையும் வல்லாரை, நீர்ப்பிரமி, அமுக்கரா போன்ற மூலிகைகளையும் பயன்படுத்தியது. மனத்துயரை உடலிலிருந்து பிரிக்காமை இம்மருத்துவத்தின் அடிப்படை.

3. தல மரபுகள்: திருநின்றவூரும் திருவள்ளூரும்

வேப்பம்பட்டுக்குக் கிழக்கே அடுத்த நிலையமான திருநின்றவூர், அறுபத்துமூவருள் ஒருவரான பூசலார் நாயனாரின் ஊர். அவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழாரும் இதே மேற்கு வட்டாரத்தின் குன்றத்தூரைச் சேர்ந்தவர். சிவனுக்குக் கோயில் எழுப்ப விரும்பிய பூசலார் பொருள் தேடி அலைந்தும் கிடைக்காமல் வருந்தினார் என்றும், பின்னர் மனத்திலேயே பொருளும் கருவியும் தச்சரும் தேடி, நல்ல நாள் பார்த்து அடிநிலையிட்டு, முடி வரை கோயிலைக் கட்டிக் குடமுழுக்கிற்கு நாள் குறித்தார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அதே நாளில் காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் கோமான், இறைவன் கனவில் உரைத்ததைக் கேட்டுத் திருநின்றவூர் வந்து அடியவரைத் தொழுதான் என்பது வரலாறு.

இக்கதையின் மைய நிகழ்வு பக்தி சார்ந்தது. அதை மனநலச் சிகிச்சையாக மாற்றி வாசிப்பது காலவழு. ஆயினும் அதன் அமைப்பில் இரு கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, பூசலாரின் துயருக்குக் காரணம் இல்லாமை. இரண்டாவது, அத்துயரை அவர் எதிர்கொள்ளும் வழி, நாள்தோறும் ஒழுங்காகச் செய்யப்படும் நுணுக்கமான மனப்பணி. கற்பனையில் கட்டுவதாயினும் அடிநிலை, மதில், கேணி, குளம் என எதுவும் விடுபடவில்லை, வரிசை பிறழவில்லை. சிதறிய கவனத்தை ஒரு பொருளில் நிறுத்துவதன் மிக விரிவான இலக்கியச் சித்திரிப்புகளுள் ஒன்றாக இதைக் கருதலாம். இவ்வூரிலுள்ள இருதயாலீசுவரர் கோயிலுக்கு இதயநோய் உள்ளோர் வந்து வழிபடுவது இக்கால வழக்கம். உள்ளம் என்ற பொருளில் அமைந்த 'இருதயம்', உடலுறுப்பாகிய இதயமாகப் பொருள் மாறியதை இவ்வழக்கம் காட்டுகிறது.

வேப்பம்பட்டுக்கு மேற்கே உள்ள திருவள்ளூர், வைணவ மரபில் திருவெவ்வுள் எனப்படும் திவ்விய தேசம். இங்குள்ள பெருமாள் வைத்திய வீரராகவர் எனப் போற்றப்படுகிறார். திருக்குளத்தின் பெயர் ஹிருத்தாபநாசினி. உள்ளத்தின் தாபத்தை அழிப்பது என்பது அதன் பொருள். அமாவாசை நாள்களில், குறிப்பாகத் தை அமாவாசையில், திரளான மக்கள் இக்குளத்திற்கு வருகின்றனர். வெல்லத்தைக் குளத்தில் கரைத்து நோய் நீங்க வேண்டிக்கொள்கின்றனர். வெல்லம் நீரில் கரைவது போல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. 'தாபம்' என்னும் சொல் வெப்பத்தையும் துயரத்தையும் ஒருங்கே குறிக்கும். துயரை வெப்பமாகவும் தணிப்பைக் குளிர்ச்சியாகவும் கருதும் இவ்வுருவகம், மனத்தின் மீது ஏற்றப்படும் சுமையைக் குறிக்கும் 'அழுத்தம்' என்னும் உருவகத்திலிருந்து முற்றிலும் வேறானது. வெப்பம் தணியும், சுமை இறக்கப்பட வேண்டும்.

இத்தகைய தலங்களின் பயனை ஆய்வுக்கு உட்படுத்திய முயற்சிகள் மிகச் சில. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளரை ஆராய்ந்து இரகுராம் முதலியோர் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. சராசரியாக ஆறு வாரத் தங்கலுக்குப் பின் நோயறிகுறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. தனிச் சிகிச்சைச் சடங்கு எதுவும் அங்கு நடத்தப்படவில்லை. கோயிலின் அன்றாடப் பணிகளில் அவர்கள் பங்கேற்றனர். அச்சுறுத்தல் இல்லாத, பண்பாட்டால் மதிக்கப்பட்ட அடைக்கலச் சூழலே முன்னேற்றத்திற்குக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வாதலின் அதன் முடிவைப் பொதுமைப்படுத்த இயலாது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்தது. தர்காவை ஒட்டி இயங்கிய தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளர் வெளியேற இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். வழிபாட்டுத் தலத்தின் அடைக்கலப் பண்பு, கண்காணிப்பற்ற வணிகமாக மாறுமிடத்து என்னவாகும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. தல மரபுகளைப் போற்றும் ஆய்வு எதுவும் ஏர்வாடியைத் தவிர்த்து முழுமை பெறாது.

4. கீழ்ப்பாக்கம்: காவலிலிருந்து மருத்துவத்திற்கு

சென்னையில் ஐரோப்பிய முறையிலான மனநோயர் காப்பகம் 1794இல் மருத்துவர் வாலண்டைன் கானலியால் புரசைவாக்கம் பகுதியில் 16 பேருடன் தொடங்கப்பட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்தின் லோகாக் தோட்டத்தில் 66.5 ஏக்கர் நிலத்திற்கு இடம் மாறியது. அப்போது 145 நோயாளர் இருந்தனர். 1922இல் காப்பகம் என்ற பெயர் நீங்கி அரசு மனநோய் மருத்துவமனை என்றாயிற்று. 1978 முதல் மனநல நிலையம் எனப்படுகிறது. பெயர் மாற்றங்கள் கருத்து மாற்றத்தின் அடையாளங்கள். 1858, 1912ஆம் ஆண்டுச் சட்டங்களின் முதன்மைக் கவலை, யாரை எந்த ஆணையின்பேரில் உள்ளே வைப்பது என்பது. நோயுற்றவரின் விருப்பமும் உரிமையும் அவற்றில் பின்னிடம் பெற்றன.

இந்நிறுவனத்தின் வரலாற்றில் அன்றாடத் துயருக்கு இடமில்லை என்பது முதன்மையான செய்தி. உறங்க இயலாத எழுத்தரும், கடனால் கலங்கிய விவசாயியும், தேர்வை அஞ்சிய மாணவரும் காப்பகத்தின் வாயிலை நாடவில்லை. கடும் மனநோய் கீழ்ப்பாக்கத்திற்குரியதாயிற்று; மற்றத் துயர்கள் குடும்பத்திற்கும் கோயிலுக்கும் நாட்டு மருத்துவருக்கும் உரியனவாக நீடித்தன. 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரே சென்னைப் பேச்சுவழக்கில் ஏளனச் சொல்லாகியது. அச்சமும் ஏளனமும் கலந்த இவ்வழக்கு, இன்றும் மனநல மருத்துவரை நாடுவதற்குத் தடையாக உள்ளது.

நாட்டு மருத்துவத்திற்கும் மேலை மருத்துவத்திற்கும் இடையிலான உறவை ஆராயச் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் 1921இல் குழு அமைத்தது. அதன் அறிக்கை 1923இல் வெளிவந்தது. அதன் பயனாக 1925இல் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டுச் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவை கற்பிக்கப்பட்டன. கீழ்ப்பாக்கத்தில் இயங்கிய அப்பள்ளியின் வழிவந்ததே 1960இல் உருவான கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி. கிரிகை நோய்களைப் பேசிய மருத்துவ மரபும் மனநோய் மருத்துவமனையும் ஒரே பகுதியில் இருந்தும் தனித்தனி வழிகளில் சென்றன.

1950களில் வந்த புதிய மருந்துகள் நோயாளர் வீடு திரும்புவதற்கு வழி திறந்தன. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் மருத்துவர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் அவர், ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சென்னையில் நிறுவினார். மருந்தோடு குடும்பத்தின் பங்கும் மறுவாழ்வும் சேர்ந்தே நலமளிக்கும் என்பது அவ்வமைப்பின் அணுகுமுறை. 1982இல் தேசிய மனநலத் திட்டமும் 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியில் முதலில் செயற்படுத்தப்பட்ட மாவட்டத் திட்டம் பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. இதனால் மனநல மருத்துவம் பெருநகரக் கட்டடத்திலிருந்து மாவட்ட, வட்ட மருத்துவமனைகளுக்கு நகர்ந்தது.

5. மனத்தைப் பழக்கும் இயக்கங்கள்

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தை விளக்குகிறது. ஆனால் அன்றாடத் துயரைத் தணிக்கும் பொதுமக்கள் பயிற்சியாக யோகம் மாறியது இருபதாம் நூற்றாண்டில்தான். மைசூரில் பணியாற்றிய திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) 1952இல் சென்னைக்கு வந்து, நோயுற்றவரின் வயது, உடல்நிலை, தொழில் ஆகியவற்றுக்கு ஏற்பப் பயிற்சியை மாற்றியமைக்கும் முறையை வளர்த்தார். அவர் மகன் தேசிகாசார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அம்முறையைத் தொடர்ந்தது. பயிற்சி மனிதருக்காக மாற வேண்டும் என்பது இம்மரபின் அடிப்படை.

கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். மனவளக்கலை எனப்படும் அவருடைய பயிற்சிமுறையில் தியானத்தோடு 'அகத்தாய்வு' இடம்பெறுகிறது. ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என அது தொடரும். கவலைகளைப் பட்டியலிட்டு, அனுபவித்தே தீரவேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, பொருட்படுத்தாமல் விடவேண்டியவை, உடனே தீர்க்கவேண்டியவை என நான்காகப் பிரிக்குமாறு அது பயிற்றுகிறது. எண்ணங்களை எழுதி ஆராயும் இக்கால அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோடு இம்முறைக்கு ஒப்புமை உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்பதற்கில்லை. ஒரே சிக்கல் இரு மரபுகளில் நெருங்கிய விடைகளைப் பெற்றது என்பதே பொருத்தமானது.

இலங்கைத் தமிழர் பட்டறிவு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தளர்வுப் பயிற்சியை நோயாளரின் சமயப் பின்புலத்தோடு இணைத்துக் கற்பித்தார். இந்துக்களுக்கு மந்திர உச்சரிப்பு, கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என, ஒருவர் முன்பே அறிந்த சொல்லே பயிற்சியின் ஊன்றுகோலாயிற்று. அதே சூழலில் துயரின் காரணம் மனத்தில் மட்டும் இல்லை, குண்டுவீச்சிலும் இடப்பெயர்விலும் உள்ளது என்பதும் மறைக்க இயலாத உண்மையாக இருந்தது. அதனால் யாழ்ப்பாண மனநல எழுத்துகளில் 'நெருக்கீடு', 'மனவடு' ஆகிய சொற்கள் நிலைபெற்றன. நெருக்குவது வெளியே உள்ளது. வடு உள்ளே பதிகிறது. இவ்விரு சொற்களும் காரணத்தையும் விளைவையும் பிரித்துக் காட்டுகின்றன.

6. சொல்லும் சட்டமும்

உயிரியலில் 'ஸ்ட்ரெஸ்' என்னும் கருத்து ஹான்ஸ் செல்யே 1936இல் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு குறிப்பிலிருந்து வளர்ந்தது. குளிர், காயம், நஞ்சு எனத் தாக்குவது எதுவாயினும் உடல் ஒரே வகையான எதிர்வினையைக் காட்டுகிறது என்பது அவர் கண்டறிந்தது. அவர் கையாண்ட சொல் இயற்பியலிலிருந்து பெறப்பட்டது. தமிழ் இயற்பியல் நூல்கள் அச்சொல்லைத் 'தகைவு' என்று பெயர்த்துள்ளன; 'அழுத்தம்' என்பது அங்கு 'பிரஷர்' என்பதற்கு உரியது. பொதுவழக்கோ தகைவைக் கொள்ளவில்லை. 'மன அழுத்தம்', 'மன உளைச்சல்', 'மன இறுக்கம்' என்பன வழங்கலாயின. இவற்றுள் 'மன அழுத்தம்' என்பது 'டிப்ரஷன்' என்னும் நோய்க்கும் செய்தித்தாள்களில் பயன்படுத்தப்படுகிறது. 'கீழே அமுக்குதல்' என்னும் வேர்ப்பொருள் வழியாக ஒன்றும், 'பாரம் ஏறுதல்' என்னும் பொருள் வழியாக மற்றொன்றும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தன. நோய்க்கு 'மனச்சோர்வு' என்னும் சொல் இருந்தும் வழக்கு ஒன்றுபடவில்லை.

இதன் விளைவு சொல்லாராய்ச்சியோடு நிற்பதில்லை. தேர்வுக்கு முந்தைய நாளின் பதற்றமும், மாதக்கணக்கில் உறக்கமும் பசியும் உயிர்வாழும் விருப்பமும் குன்றிய நிலையும் ஒரே பெயர் பெறும்போது இருவகைத் தீங்கு நேர்கிறது. மனச்சோர்வு நோயுற்றவரிடம் மூச்சுப்பயிற்சி செய்யுமாறும் மனத்தைத் தளரவிடாதிருக்குமாறும் கூறி மருத்துவம் தாமதப்படுத்தப்படுகிறது. மறுபுறம், நியாயமான காரணத்தால் துயருறுபவர் நோயாளராகக் கருதப்பட்டு, காரணம் ஆராயப்படாமல் விடப்படுகிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இவ்வேறுபாட்டைத் தன் அமைப்பிலேயே கொண்டுள்ளது. சிந்தனை, மனநிலை, புலனறிவு, நினைவு முதலியவற்றில் ஏற்பட்டு, முடிவெடுக்கும் ஆற்றலையோ அன்றாடச் செயலையோ பெரிதும் குலைக்கும் கோளாறையே அது மனநோய் என வரையறுக்கிறது. ஆனால் அதன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, கடுமையான 'ஸ்ட்ரெஸ்' நிலையில் இருந்ததாகவே கொள்ளப்படுவார் என்றும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்கீழ் அவர் தண்டிக்கப்படலாகாது என்றும் கூறுகிறது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் கடமை அரசுக்கு உரியதாக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்கொலை முயற்சியைப் பொதுவான குற்றமாக்கும் பிரிவு இல்லை.

115ஆம் பிரிவு அம்மனிதரை மனநோயாளர் என்று கூறவில்லை என்பது முதன்மையானது. தாங்க இயலாத நெருக்கீட்டில் இருந்தவர் என்றே அது கொள்கிறது. நோய்க்கும் நெருக்கீட்டிற்கும் ஒரே தமிழ்ச்சொல் வழங்குமாயின், சட்டம் கவனமாகத் தவிர்த்த முத்திரையைத் தமிழ் வாசகர் மீண்டும் அவர்மீது இட நேரும். திருமணம், வேலை, கல்வி ஆகியவற்றில் 'மனநோயாளர்' என்னும் பெயர் உண்டாக்கும் இழப்பை எண்ணினால், கலைச்சொல் தேர்வு உயிரும் வாழ்வும் தொடர்பான பொறுப்பாகிறது.

7. சூழலை மாற்றுதல்

மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் நிறுவிய சிநேகா அமைப்பு, தற்கொலை எண்ணம் கொண்டோரின் பேச்சைத் தன்னார்வலர் குறுக்கிடாமல் கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. அறிவுரை கூறாமல் கேட்பதையே உதவியாகக் கொண்ட இம்முறை, வெறியாட்டுப் பாடல்களில் தாயும் வேலனும் செய்யத் தவறியதைச் செய்கிறது. 2022 அக்டோபரில் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் தொடங்கப்பட்ட அரசின் தொலைநிலை மனநலச் சேவை, இக்கேட்டலை அரசின் பணியாக்கியது.

இவற்றினும் வேறான தன்மையுடையது தேர்வுச் சீர்திருத்தம். பள்ளி இறுதித் தேர்வில் தவறிய மாணவர் ஓராண்டு காத்திருக்க வேண்டிய நிலையே அவர்களுடைய துயரின் பெரும்பகுதி என உணர்ந்து, சில வாரங்களிலேயே மீண்டும் தேர்வெழுத வழிசெய்யும் துணைத் தேர்வு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. மாணவரின் மனத்தைப் பழக்குவதற்கு மாறாக, தோல்வியின் விலையை இது குறைத்தது. மெய்ப்பாட்டியல் கூறும் 'இழவு', 'அசைவு' ஆகிய நிலைக்களன்களில் கைவைத்த நடவடிக்கை என இதனை மதிப்பிடலாம்.

வேப்பம்பட்டின் அன்றாடத்தையும் இந்நோக்கிலேயே காண வேண்டும். ஊரை இரண்டாகப் பிரிக்கும் இருப்புப்பாதையின் மேல் தொடங்கப்பட்ட மேம்பாலப் பணி பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. பாதையைக் கடக்கையில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. நாள்தோறும் அப்பாதையைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் பெற்றோர் கொள்ளும் அச்சம் நோய் அன்று. அது உலகைச் சரியாக அறிந்ததன் விளைவு. அதற்குரிய மருந்து பாலம். ஆனால் அதே ஊரில் காரணமின்றித் தொடரும் சோர்வில் ஆழ்ந்த ஒருவருக்குப் பாலத்தாலும் பயனில்லை, அறிவுரையாலும் பயனில்லை. அவருக்கு மருத்துவம் வேண்டும். இவ்விருவரையும் பிரித்தறிவதே மனநலப் பணியின் முதற்படி.

8. முடிவுரை

இவ்வாய்வில் பெறப்பட்ட முடிவுகள் வருமாறு.

முதலாவதாக, மனத்துயர் தணிப்பின் தமிழ் வரலாறு, பழையது நீங்கிப் புதியது வந்த நேர்கோட்டு வரலாறு அன்று. திருவள்ளூர்க் குளமும் கீழ்ப்பாக்க மருத்துவமனையும் யோக வகுப்பும் தொலைபேசிச் சேவையும் ஒரே காலத்தில், பெரும்பாலும் ஒரே குடும்பத்தால் நாடப்படுகின்றன. தல மரபின் வலிமை அடைக்கலத்தில் உள்ளது. அதன் ஆபத்தை ஏர்வாடி காட்டியது. மருத்துவமனையின் வலிமை நோயறிதலில் உள்ளது. அதன் குறை நெடுங்காலம் காவலாக மட்டும் இருந்தமை.

இரண்டாவதாக, துயரின் காரணத்தை மனிதனுக்கு வெளியிலும் தேடும் நோக்கு மெய்ப்பாட்டியலிலும் வெறியாட்டுத் துறையிலும் முன்பே உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் பயிற்சி இயக்கங்கள் மனத்தைப் பழக்குவதில் பெற்ற வெற்றி, அந்நோக்கைப் பின்தள்ளியுள்ளது. துணைத் தேர்வு போன்ற நடவடிக்கைகள் அதை மீட்டெடுக்கின்றன.

மூன்றாவதாக, நோய்க்கு 'மனச்சோர்வு', வெளிக்காரணத்தால் எழும் நிலைக்கு 'நெருக்கீடு' என ஈழத்து வழக்கைத் தழுவி இரு சொற்களைத் தமிழகக் கலைச்சொல் மரபிலும் பாடநூல்களிலும் நிலைநிறுத்துதல் வேண்டும். 'மன அழுத்தம்' பேச்சுவழக்கில் நீடிக்கலாம். மருத்துவச் சான்றிலும் சட்ட மொழிபெயர்ப்பிலும் செய்தி எழுத்திலும் அது எதைக் குறிக்கிறது என்பது தெளிவாதல் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக இவ்வட்டாரத்து மருத்துவமனைகளை நாடுவோர் தம் துயரை எச்சொற்களால் கூறுகின்றனர் என்பதைத் தொகுத்து ஆராய்வது, இத்துறையில் தமிழ் ஆய்வாளரும் மனநல மருத்துவரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.